ஆடி மாசத்துல கூரை ஏன் ஒழுகுது: பெரிய கட்டடத்துலேர்ந்து சூடு வெளிய போறத நம்ம ஊரு வானிலைய வச்சு கண்டுபிடிக்க முழு வழிகாட்டி

மழையே பெய்யாத மாசத்துல கூரை ஒழுகுதுன்னு போன் வந்துச்சு. தென்னாப்பிரிக்காவுல ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெக்க நம்மாளுங்க கோவில் ஹால் ஒண்ணு, ஆடி வெள்ளி (இங்க ஆடிதான் குளிர் காலம்), அம்மனுக்குக் கூழ் ஊத்துறதுக்காக ராத்திரி மூணு மணிலேர்ந்து உள்ளயே பெரிய அண்டால கூழு கொதிக்குது, நூறு பேர் கிட்ட படுத்தும் உக்காந்தும் இருக்காங்க, அஞ்சு மணி வாக்குல மேல தகரத்துலேர்ந்து சொட்டு சொட்டா தண்ணி, தலைல விழுது, போர்வைல விழுது, கோலத்து மேல விழுது. கமிட்டி அண்ணன் அதுக்கு முந்தின வருஷமே ஒரு கான்ட்ராக்டரக் கூட்டிட்டு வந்து கூரை முழுக்க சீல் பூச வச்சிருந்தாரு. காசு போச்சு, சொட்டு நிக்கல.

"தம்பி, ஓட்டை எங்க இருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுப்பா, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்"னாரு.

ஏணி போட்டு ஏறுனேன். சூரியன் இன்னும் வரல. கேட் பக்கத்துல வச்ச தெர்மாமீட்டர்ல 3 டிகிரி. ஆனா ஹால் செவத்தத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருந்த தகர ஓரத்துல வெள்ளையா உறைபனி படிஞ்சிருக்கு, நகத்தால கீறுனா தூளா வருது. காத்து 3 டிகிரி, தண்ணி உறையறதோ 0-ல, அப்ப அந்தத் தகரம் சுத்தி இருக்கிற காத்த விட குறைஞ்சது 3 டிகிரி கீழ போயிருக்கு. "அண்ணே ஓட்டையே இல்லண்ணே, உங்க கூழு ஆவிதான் மேல போயி குளிர்ந்த தகரத்துல பட்டுத் தண்ணியாகித் திரும்ப விழுது"ன்னேன். அவரு நம்பல, அப்புறம் அவரே ஏறி அடிப்பக்கத்தக் கையால தடவிப் பாத்தாரு, முழங்கை வரைக்கும் நனைஞ்சிருச்சு.

இந்த வழிகாட்டிய எழுதுறதுக்குக் காரணமே அந்த விடியக்காலைதான். குளிருன்னு நாம ஒரே வார்த்தையில சொல்றோம், ஆனா கட்டடத்துக்குக் குளிருன்னு ஒண்ணு கிடையாது. காத்தோட வெப்பநிலை ஒண்ணு, வானம் ஒண்ணு, வீசுற காத்து ஒண்ணு, ஈரம் ஒண்ணு, வெயில் ஒண்ணு. ஒவ்வொண்ணும் கட்டடத்தோட வேற வேற இடத்தத் தாக்கும். உங்க ஊர்ல எது உங்க கட்டடத்த அடிக்குதுன்னு தெரியாம செலவு பண்ணுனா அந்த சீல் பூசுன கதைதான். ஹால், பள்ளிக்கூடம், பிளாட், குடோன் எதுவா இருந்தாலும் வழி இதேதான்.

முதல் படி: உங்க ஊரோட வானிலைய எழுதி வைங்க

தென்னாப்பிரிக்காவுல "வின்டர்"னு பொதுவாச் சொல்றது உதவாது. ஜூலை மாசத்த எடுத்துக்கோங்க. டர்பன்ல ராத்திரி சுமாரா 11, பகல்ல 23 கிட்ட. ஜோகன்னஸ்பர்க்ல ராத்திரி 4, பகல்ல 17. புளூம்ஃபான்டெய்ன்ல ராத்திரி 0-க்குக் கீழயே போகும், ஆனா பகல்ல ஜோகன்னஸ்பர்க் மாதிரிதான் இருக்கும். கேப் டவுன்ல 7-லேர்ந்து 18, ஆனா மழையோட. பாருங்க, கேப் டவுனும் ஜோகன்னஸ்பர்க்கும் நம்பர்ல ரொம்பத் தள்ளி இல்ல, ஆனா ஒரே கட்டடத்த ரெண்டு ஊர்லயும் வச்சா அது சூட்ட இழக்குற விதமே வேற. நம்பர் பொய் சொல்லல, பாதிதான் சொல்லுது.

அதனால வெப்பநிலையோட இன்னும் நாலு விஷயம் எழுதுங்க: குளிர் காலத்துல ராத்திரி வானம் தெளிவா இருக்குமா மேகமா இருக்குமா, காத்து எந்தத் திசைலேர்ந்து எந்த மாசம் வீசுது, மழை குளிர் காலத்துல பெய்யுதா கோடையிலயா, ஊரு கடல் மட்டத்துலேர்ந்து எவ்வளவு உயரம். ஜோகன்னஸ்பர்க் சுமாரா 1,750 மீட்டர் உயரம். அங்க காத்து மெலிசு, ஒரு கன மீட்டர் காத்து 1 கிலோதான் இருக்கும், டர்பன்ல 1.2 கிலோ. இது எதுக்குன்னு கணக்குல வரும்.

ஊர்லேர்ந்து புதுசா வந்தவங்களுக்கு ஒரு விஷயம், நானும் தடுமாறுனதுதான். மார்கழின்னா பனின்னு நம்ம உடம்புல ஊறிப் போயிருக்கு, இங்க மார்கழி கொளுத்துற வெயில், ஆனி ஆடிதான் பனி. சூரியனும் வடக்குப் பக்கமா போகும். தெக்குப் பாத்த செவுத்துல வருஷம் முச்சூடும் வெயில் ரொம்பக் கம்மி. தமிழ்நாட்டுக் கட்டட விஷயத்த அப்படியே இங்க தூக்கிட்டு வந்தா ஜன்னல் எல்லாம் தப்பான பக்கம் போயிரும்.

ரெண்டாவது படி: கட்டடத்தோட தோலை அளங்க

சூடு வெளிய போறது தோல் வழியா, அதனால கூரை, செவரு, கண்ணாடி, கதவு ஒவ்வொண்ணும் எத்தன சதுர மீட்டர்னு தனித்தனியா அளக்கணும். பெரிய கட்டடத்துக்கு இயற்கையாவே ஒரு லாபம் உண்டு. 10 மீட்டர் நீள அகல உயரம் உள்ள பெட்டிக்கு ஆறு பக்கமும் சேத்து 600 சதுர மீட்டர் தோல், உள்ள 1,000 கன மீட்டர் இடம். அதையே 40 மீட்டர் பெட்டியாக்குனா ஒரு கன மீட்டருக்குக் கிடைக்கிற தோல் நாலுல ஒண்ணாயிரும். அதான் பெரிய ஆபீஸ் பில்டிங் நடுவுல உள்ளவங்களுக்குக் குளிரே தெரியாது, ஓரத்துல ஜன்னல் பக்கத்துல உள்ளவங்க ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு இருப்பாங்க.

ஆனா எது தோல்னு யோசிச்சு முடிவு பண்ணுங்க. ஜோகன்னஸ்பர்க்ல பான்ட்டே டவர் இருக்கே, 1975-ல முடிஞ்ச 54 மாடி, உருளை மாதிரி இருக்கும், நடுவுல மேல வரைக்கும் வெட்டவெளி. அந்த உள்பக்கத்துச் செவரும் வெளிச் செவருதான், வெளிக்காத்து அங்கயும் இருக்கு. ஆனா வெளிப்பக்கம் மாதிரி காத்து நேரா வந்து அடிக்காது, வானமும் கொஞ்சம்தான் தெரியும், அப்ப ஒரே கட்டடத்துல ரெண்டு விதமான தோல். உங்க பிளாட்ல ஏர் ஷாஃப்ட், திறந்த மாடிப்படி, கீழ கார் நிறுத்துற இடத்துக்கு மேல உள்ள தளம் இதெல்லாம் அந்த மாதிரிதான், விட்டுறாதீங்க. செவரு தாண்டி வெளிய நீளுற கான்கிரீட் பால்கனியும் சூட்ட உள்ளேர்ந்து உறிஞ்சி வெளிய விடும், அந்த மூலைலதான் முதல்ல பூஞ்சை கருப்பா வரும்.

மூணாவது படி: அடிப்படைக் கணக்கு

யூ வேல்யூன்னு ஒண்ணு. உள்ளுக்கும் வெளிக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருந்தா 1 சதுர மீட்டர் வழியா எத்தன வாட் போகுதுங்கறதுதான் அது. வெறும் தகரக் கூரைக்குச் சுமாரா 7, ஒத்தக் கண்ணாடிக்கு 5.7, ரெட்டைக் கண்ணாடிக்கு 2.8 கிட்ட, பூசுன 220 மில்லிமீட்டர் செங்கல் செவத்துக்கு 2.2 வச்சுக்கலாம். பரப்பு × யூ வேல்யூ × டிகிரி வித்தியாசம், அவ்வளவுதான்.

அந்த ஹால் மாதிரி ஒண்ணப் போட்டுப் பாப்போம். நீளம் 30, அகலம் 20, உயரம் 5 மீட்டர். உள்ள 18 டிகிரி வேணும், வெளிய 2, வித்தியாசம் 16. கூரை 600 × 7 × 16, அது 67,200 வாட். செவரு 420 × 2.2 × 16, கிட்டத்தட்ட 14,800. கதவு ஜன்னல் எல்லாம் சேத்து 80 சதுர மீட்டர்னு வச்சா 7,300. அப்புறம் சந்துபொந்து வழியா காத்து மாறுது, மணிக்கு ரெண்டு தடவை உள்ள இருக்கிற காத்து முழுசா மாறுதுன்னு வைங்க, 3,000 கன மீட்டர் × 2 × 16 × 0.27, அது 26,000 கிட்ட. அந்த 0.27 தான் உயரத்தோட விஷயம், கடல் மட்டத்துல 0.33 போடணும், ஜோகன்னஸ்பர்க்ல காத்து மெலிசு, அதனால அது தூக்கிட்டுப் போற சூடும் கம்மி. மொத்தம் 1,15,000 வாட். தரைய விட்டுட்டேன், இந்த மாதிரி கூரைக்கு முன்னாடி அது சின்னது.

நூத்துப் பதினஞ்சு கிலோவாட்! 2 கிலோவாட் ஹீட்டர் 58 வைக்கணும். நம்மாளுங்க நாலு ஹீட்டர் வச்சுட்டு "சூடே ஏற மாட்டேங்குது, ஹீட்டர் சரியில்ல"ன்னு சொல்றாங்களே, ஹீட்டர் மேல தப்பே இல்ல. பாதிக்கு மேல கூரை வழியாப் போகுது, அதப் பாக்காம செவத்துக்குப் பெயின்ட் அடிக்கிறதுல அர்த்தம் இல்ல.

நாலாவது படி: வானத்தக் கணக்குல சேருங்க

இதத்தான் எல்லாரும் விட்டுறாங்க, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

எந்தப் பொருளா இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத கதிரா சூட்ட விட்டுக்கிட்டே இருக்கும், எதிர்ல உள்ளதும் திருப்பி விடும். மேகம் இருந்தா மேகம் திருப்பிக் குடுக்கும், ஈரக் காத்து இருந்தா அதுவும் குடுக்கும். ஆனா ஹைவெல்டுல, அதாவது ஜோகன்னஸ்பர்க் இருக்கிற உயரமான மேட்டு நிலத்துல, ஜூன் ஜூலை ராத்திரில மேகமும் இல்ல, ஈரமும் இல்ல, காத்தும் மெலிசு. கூரை மேல பாத்து விடுற சூடு போயிக்கிட்டே இருக்கு, திரும்பி வர்றது கம்மி. கதிர்க் கணக்குல பாத்தா அந்த வானம் தரைல உள்ள காத்த விட 20 டிகிரி வரைக்கும் குளிரா இருக்கிற மாதிரி. ஒரு சதுர மீட்டர் கூரைலேர்ந்து இப்படி 50-லேர்ந்து 100 வாட் வரை போகும். அதான் அந்தத் தகர ஓரம் காத்த விடக் குளிர்ந்து உறைபனி பிடிச்சது. காலைல கார் கண்ணாடி மேல ஐஸ் இருக்கும், பக்கத்துலயே மரத்துக்கு அடில நிறுத்துன காருல இருக்காது, அது இதேதான், மரம் வானத்த மறைச்சிருச்சு.

கணக்குக்கு எளிமையா இப்படிப் பண்ணுங்க. தெளிவான, காத்தில்லாத ராத்திரில கூரைக்கு மட்டும் வெளி வெப்பநிலைய 6, 7 டிகிரி குறைச்சுப் போடுங்க. வெளிய 2-ன்னா கூரைக்கு மைனஸ் 5. செவரு வானத்துல பாதியத்தான் பாக்குது, எதிர்ல வேற கட்டடம் இருந்தா அதுவும் இல்ல, அதனால செவத்துக்கு இவ்வளவு வேண்டாம். டர்பன்ல கடல் ஈரம் எப்பவும் மேல நிக்கும், இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி. கேப் டவுன்ல மழை மேகம் மூடுன ராத்திரி கிட்டத்தட்ட இல்லவே இல்ல.

வெள்ளைப் பெயின்ட் அடிச்சா கூரை சரியாயிரும்னு ஒரு பேச்சு சுத்திக்கிட்டு இருக்கு. வெள்ளை நிறம் பகல் வெயில திருப்பி அனுப்பும், உண்மைதான், டர்பன் கோடைக்கு அருமையான விஷயம். ஆனா ராத்திரி சூடு விடுறதுல வெள்ளைப் பெயின்டும் கருப்புப் பெயின்டும் ஒண்ணுதான், நிறம் அங்க வேலை செய்யாது. ஜோகன்னஸ்பர்க்ல வெள்ளை அடிச்சா ராத்திரி இழப்பு குறையாது, பகல்ல இலவசமா வர்ற குளிர்கால வெயில் மட்டும் போயிரும். பெயின்ட் அடிக்காத புதுப் பளபள ஜிங்க் தகரம் கதிரா விடுறது கம்மி, ஆனா அது மங்கிப் போக ஆரம்பிச்சா அந்த லாபமும் குறையும்.

அஞ்சாவது படி: ஆடிக் காத்து

ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்னு சொன்னவங்க ஜோகன்னஸ்பர்க்கப் பாத்ததில்ல, ஆனா இங்கயும் ஆகஸ்ட்தான் புழுதிக் காத்து மாசம். காத்து ரெண்டு விதமா சூட்டத் திருடும்.

முதல் விதம், கட்டடத்து மேல ஒட்டிக்கிட்டு இருக்கிற மெல்லிசான காத்துப் படலத்தக் கிழிச்சு எடுத்துட்டுப் போறது. அந்தப் படலமும் ஒரு போர்வைதான். ஒத்தக் கண்ணாடிய எடுத்துக்கோங்க, லேசான காத்துல யூ வேல்யூ 4.7, மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்துல 6.4 கிட்ட, மூணுல ஒரு பங்கு கூடிருச்சு. ஆனா நல்லா இன்சுலேஷன், அதாவது சூட்டத் தடுக்குற பொருள், போட்ட செவத்துல அதே காத்து 2, 3 சதவீதம்தான் கூட்டும், ஏன்னா அங்க உண்மையான தடுப்பு உள்ள இருக்கு. அப்ப காத்து அடிக்கிற ஊர்ல முதல்ல கண்ணாடியையும் வெறும் தகரத்தையும் பாருங்க.

ரெண்டாவது விதம் அழுத்தம். வேகம் ரெண்டு மடங்கானா அழுத்தம் நாலு மடங்கு. அடிக்கிற பக்கத்துல சந்து வழியா உள்ள தள்ளும், மறுபக்கத்துல சூடான காத்த வெளிய உறிஞ்சும். உயரமான பில்டிங்ல காத்தே இல்லாட்டியும் இது நடக்கும், சூடான காத்து மாடிப்படி லிஃப்ட் வழியா மேல ஏறி மேல் மாடி ஜன்னல்ல வெளிய போகும், கீழ் கதவு வழியா பனிக்காத்து உள்ள வரும். 60 மீட்டர் கட்டடத்துல 16 டிகிரி வித்தியாசத்துக்கு ஜோகன்னஸ்பர்க்ல அழுத்த வித்தியாசம் 30 பாஸ்கல் தாண்டும், பாஸ்கல்ங்கறது அழுத்தத்த அளக்குற அலகு. கீழ வாட்ச்மேன் குளிர்ல நடுங்குவாரு, பதினெட்டாவது மாடிக்காரங்க வேர்க்குதுன்னு ஜன்னலத் திறப்பாங்க, அவங்க திறக்கத் திறக்க இவருக்கு இன்னும் குளிரும், சண்டை வரும். தீர்வு ரெண்டு பேர் கிட்டயும் இல்ல, மாடிப்படிக் கதவுலயும் லாபிக் கதவுலயும் இருக்கு.

சோதிக்க மெஷின் வேண்டாம், ஊதுபத்தி போதும். காத்து அடிக்கிற நாள்ல ஃபேன் எல்லாம் நிறுத்திட்டு, ஊதுபத்திய கதவு இடுக்கு, ஜன்னல் சட்டம், கூரையும் செவரும் சேருற இடம், ஒயர் பைப் நுழையிற ஓட்டை எல்லாத்துலயும் மெதுவா கொண்டு போங்க. புகை உள்பக்கமா வளைஞ்சா அங்க காத்து வருது, இழுத்துக்கிட்டுப் போனா வெளிய போகுது. சாக்பீஸ்ல குறி போட்டுக்கிட்டே போங்க. அந்த ஹால்ல தகர மடிப்புக்கும் செவத்துக்கும் நடுவுல கை நுழையிற அளவு சந்து, 30 மீட்டர் நீளத்துக்கு ரெண்டு பக்கமும், புகை அப்படியே ஆத்துல போற மாதிரி போச்சு.

ஆறாவது படி: ஈரம்

இது முக்கியமா கேப் டவுன்காரங்களுக்கு, அங்கதான் மழையும் குளிரும் ஒண்ணா வருது. செங்கல்லுக்குள்ள உள்ள குட்டிக் குட்டி ஓட்டைல காத்து இருக்கிற வரைக்கும் அது தடுப்பு, அந்த இடத்துல தண்ணி புகுந்தா தண்ணி காத்த விட இருபது மடங்குக்கு மேல சூட்டக் கடத்தும். அதோட செவரு காயுறதுக்கும் சூடு வேணும், அதையும் உள்ளேர்ந்துதான் எடுக்கும். வடமேற்குக் காத்தோட வர்ற மழை எந்தச் செவத்துல அடிக்குதுன்னு பாத்து, பூச்சு வெடிப்பு, ஜன்னல் மேல உள்ள சிலாப், மழைத் தண்ணிக் குழாய் இதையெல்லாம் கோடையிலயே சரி பண்ணுங்க. ஈரச் செவத்த உள்பக்கம் பலகை அடிச்சு மூடாதீங்க, அது உள்ளயே அழுகும்.

உள்ள உண்டாகுற ஈரமும் உண்டு. உள்ள 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம்னா 12 டிகிரிக்குக் கீழ உள்ள எந்தப் பரப்புலயும் தண்ணி படியும். வெளிய 2 டிகிரின்னா ஒத்தக் கண்ணாடியோட உள்பக்கம் 7 கிட்டத்தான் இருக்கும், கண்டிப்பா நனையும். அதே 220 செவரு 15 கிட்ட நிக்கும், தப்பிச்சிரும். கூழு கொதிக்கிற ஹாலுக்கு இந்த 60 எல்லாம் பத்தாது.

ஏழாவது படி: வெயிலும் கனமும்

ஜூன் கடைசில ஜோகன்னஸ்பர்க்ல நடுப்பகல் சூரியன் சுமாரா 40 டிகிரி உயரத்துல வடக்க நிக்கும், டர்பன்ல 37, கேப் டவுன்ல 33. தாழ்வா நிக்கிறதால வடக்கு ஜன்னல் வழியா நல்லா உள்ள வரும். ஹைவெல்டுல இது பெரிய வரம், ராத்திரி சூட்டத் தின்ன அதே தெளிவான வானம் பகல்ல திருப்பிக் குடுக்குது. வாங்கி வைக்க செங்கல்லோ கான்கிரீட்டோ கனமா உள்ள வேணும். 220 செங்கல்ல சூடு கடந்து வர ஆறேழு மணி நேரம் ஆகும், மதியம் வாங்குனது ராத்திரி உள்ள வரும். அதனாலதான் இன்சுலேஷன் போடுறதா இருந்தா செவத்துக்கு வெளிப்பக்கம் போடுறது நல்லது, கனம் உள்ள இருக்கணும். வாரத்துல ஒரு நாள் நாலு மணி நேரம் திறக்கிற ஹாலுக்கு மட்டும் இது தலைகீழ், செவரு சூடாகவே அந்த நேரம் போயிரும், அங்க உள்பக்கம்.

எட்டாவது படி: அளந்துட்டு அப்புறம் செலவு

அகச்சிவப்பு தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க, விடியுறதுக்கு முன்னாடி அளங்க, பகல்ல அளந்தா வெயில் பட்ட செவரு பொய் சொல்லும். பளபள தகரத்துலயும் தப்பாக் காட்டும், கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல அளங்க.

ஹைவெல்டுன்னா கூரைதான் முதல், அப்புறம் சந்து, அப்புறம் கண்ணாடி. நாட்டோட கட்டட விதி சான்ஸ் 10400-எக்ஸ்ஏ 2011-ல வந்தப்ப ஜோகன்னஸ்பர்க் மண்டலத்துக் கூரைக்கு ஆர் வேல்யூ 3.7 கேட்டுச்சு, டர்பனுக்கு 2.7. ஆர் வேல்யூங்கறது சூட்ட எவ்வளவு தடுக்குதுங்கற அளவு, 1-ஐ அதால வகுத்தா யூ வேல்யூ. 2021-ல திருத்தம் வந்திருக்கு, அதனால வேலை எடுக்கும்போது இப்ப உள்ள அட்டவணையப் பாத்துக்கோங்க. நான் பாக்கச் சொல்றது வேற: அந்த 2011 அட்டவணைல ஜோகன்னஸ்பர்க்குக்கு சூடு மேல போற திசைன்னும் டர்பனுக்குக் கீழ வர்ற திசைன்னும் போட்டிருந்துச்சு. டர்பன்ல பிரச்சினை சூடு வெளிய போறது இல்ல, உள்ள வர்றது. டர்பன் சாட்ஸ்வொர்த்துல ஹால் வச்சிருக்கிறவங்க ஜோகன்னஸ்பர்க் சொந்தக்காரரு சொன்னாருன்னு கனமான ரெட்டைக் கண்ணாடி போடாதீங்க, நிழலும் குறுக்குக் காத்தும் வெள்ளைக் கூரையும் போதும்.

அந்த 600 சதுர மீட்டர் கூரைக்கு 3.7 ஆர் வேல்யூ போட்டா யூ வேல்யூ 0.27, இழப்பு 67,200 வாட்லேர்ந்து 2,600-க்கு வந்துரும். வேற எந்தச் செலவும் இதுக்குப் பக்கத்துல வராது. ஆனா சீலிங் போட்டா ஆவி அதுக்கு மேல போகாத மாதிரி அடிப்பக்கம் ஆவித் தடுப்பு ஷீட் போடணும், இல்லன்னா அதே தண்ணி இன்சுலேஷனுக்கு உள்ள விழும், கண்ணுக்கும் தெரியாது.

இன்னொரு விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. சந்த அடைக்கிறப்போ உள்ள கேஸ் அடுப்போ பாரஃபின் ஹீட்டரோ கரி அடுப்போ எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனை இருக்காது, தூங்குறவங்க எந்திரிக்க மாட்டாங்க. சந்த அடைங்க, ஆனா அடுப்புக்கு மேல ஹூட் வச்சு புகைபோக்கியும் வெளிக்காத்து வர்ற வழியும் தனியா விடுங்க.

அந்த ஹால்ல அண்டாவ எல்லாம் வெளிய ஷெட்டுக்கு மாத்தினாங்க, செலவே இல்லாம சொட்டு முக்கால்வாசி நின்னுச்சு. மறு வருஷம் பாதிக் கூரைக்கு சீலிங் போட்டாங்க, சாமி இருக்கிற பக்கம். மிச்சப் பாதில இன்னும் தகரம்தான், விடியக்காலை அஞ்சு மணிக்கு அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னா ஒரு குளிரு, அந்தப் பக்கம் நின்னா வேற. அண்ணன் வர்றவங்களையெல்லாம் கையப் பிடிச்சு அந்த இடத்துல நிறுத்திக் காட்டுறாரு, மிச்சத்துக்கு நன்கொடை வாங்குறதுக்கு.